அடுத்த ஃபீச்சர் எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறிய மென்பொருள் நிறுவனங்களில் புராடக்ட் வேலை பார்ப்பவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த வேலையைக் கையில் எடுப்பது என்பதைத்தான் அநேகமாக எல்லாரும் வெவ்வேறு விதத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆகவே முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். டெவலப்பர்கள் 5 பேர், டெஸ்டர் ஒருவர். வாடிக்கையாளர் கேட்டது, சேல்ஸ் ஆட்கள் கொண்டுவந்தது, முதலாளி சொன்னது என்று பேக்லாகில் (செய்யக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியலில்) 240 வரிகள் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
— புராடக்ட் மேனேஜர், கோயம்புத்தூர்

பேக்லாகை இப்போதைக்கு மூடி வையுங்கள். 240 வரிகளையும் வரிசைப்படுத்த உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். கடைசியில் அறையில் யார் உரக்கப் பேசினாரோ அவர் சொன்னதுதான் மேலே நிற்கும்.

முதலில் இந்தக் காலாண்டில் எந்த ஓர் எண் மாற வேண்டும் என்பதை முதலாளியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ‘விற்பனை கூட வேண்டும்’ என்பது போதாது. ‘புதிதாகச் சேரும் 100 கடைகளில் 55 கடைகள்தான் முதல் 30 நாளுக்குள் தினமும் பில் போடத் தொடங்குகின்றன, அதை 70 ஆக்க வேண்டும்’ என்கிற அளவுக்குத் தெளிவு வேண்டும். எண் கிடைத்துவிட்டால், மீதி 45 கடைகளும் எந்த இடத்தில் நின்றுவிட்டன என்று பாருங்கள். உங்கள் தொழிலில் அது பெரும்பாலும் ஸ்டாக் ஏற்றும் இடமாக இருக்கும். ஒரு மருந்துக்குப் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம், எம்.ஆர்.பி. எல்லாம் அடிக்க 20 வினாடி என்றாலும், 3,000 வகை வைத்திருக்கும் கடைக்கு ஏறக்குறைய 17 மணி நேர வேலை. கவுன்ட்டரில் ஆள் நிற்கும்போது எந்தக் கடைக்காரர் இதைச் செய்து முடிப்பார்? தீர்க்க வேண்டிய பிரச்சினை இது என்று தெரிந்த பிறகு பேக்லாகைத் திறங்கள். ஸ்டாக்கிஸ்ட் அனுப்பும் பில் கோப்பை நேரடியாக ஏற்றுவது, பழைய மென்பொருளிலிருந்து டேட்டாவை எடுத்து வருவது என்று இதைத் தொடும் வரிகள் பத்துப் பதினைந்துதான் தேறும். இப்போது ஒப்பிட வேண்டியவை அவை மட்டுமே.

இதற்கும் முன்னால் கட்டாய வேலைகளைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சட்டம், பாதுகாப்பு, டேட்டா அழியும் கோளாறு ஆகிய மூன்றும் மற்ற ஃபீச்சர்களோடு மதிப்பெண் போட்டியில் நிற்கக் கூடாது. ஜி.எஸ்.டி. விகித மாற்றம் 2025 செப்டம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்டு 22ஆம் தேதியே நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மருந்துகள் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பில்லிங் மென்பொருள் குழுக்களுக்குக் கிடைத்த அவகாசம் மூன்று வாரம்கூட இல்லை. விகிதத்தை எந்தத் தேதி முதல் செல்லும் என்று தேதியோடு சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அது சில நாள் வேலை. பொருளின் பெயரோடு ஒரே ஓர் எண்ணாக வைத்திருந்தவர்களுக்குச் சிக்கல் பெரிது. ஏனென்றால் பழைய பில்லுக்கு வரும் ரிட்டர்னைப் பழைய விகிதத்தில்தான் கழிக்க வேண்டும். எண்ணை மாற்றியதும் அந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

உங்கள் கையிருப்பையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 5 டெவலப்பர்கள், 13 வாரம் என்றால் காகிதத்தில் 65 ஆள்-வாரம் (ஒருவர் ஒரு வாரத்தில் செய்யும் வேலை ஓர் ஆள்-வாரம்). விடுமுறைக்கும் பண்டிகைக்கும் 8, வாடிக்கையாளர் புகார்களுக்கும் பிழை திருத்தத்துக்கும் 15, கட்டாய வேலைக்கு 7 போனால் மிஞ்சுவது 35. திட்டத்தை இந்த 35க்குள் போடுங்கள். 65ஐ நம்பித் திட்டம் போடும் குழு ஒவ்வொரு காலாண்டிலும் பாதி வேலையை அடுத்ததற்குத் தள்ளிக்கொண்டே போகும். பிறகு சேல்ஸ் ஆட்கள் உங்கள் தேதி எதையும் நம்ப மாட்டார்கள்.

வாடிக்கையாளர் கேட்பதை அப்படியே செய்து கொடுக்கிறோம். வெளியிட்ட பிறகு அவர்களே பயன்படுத்துவதில்லை. ஏன்?
— டெவலப்பர், மதுரை

அவர்கள் உங்களிடம் சொன்னது தீர்வை. உங்களுக்குத் தேவைப்படுவது அதற்குப் பின்னால் இருக்கும் இக்கட்டு.

‘எக்செல் பட்டன் வேண்டும்’ என்று 40 கடைகள் கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பட்டன் வைப்பது இரண்டு நாள் வேலை. ஆனால் ‘கடைசியா எப்போ எக்செல் தேவைப்பட்டுச்சு? அன்னிக்கு என்ன பண்ணீங்க? அதை யாருக்கு அனுப்பினீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்பவருக்கு 11ஆம் தேதி கெடு. 8, 9 தேதிகளில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வரும். கடைக்காரர் விற்பனைப் பட்டியலை எடுத்து, ஆடிட்டர் கேட்கும் வரிசைக்குக் காலம்களை மாற்றி, வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஓர் எச்.எஸ்.என். எண் (பொருளின் வகையைக் காட்டும் வரிக் குறியீடு) விடுபட்டிருந்தால் மறுபடி போன் வரும். அவருக்குத் தேவை எக்செல் இல்லை, அந்த இரண்டாவது போன் வராமல் இருப்பது. விடுபட்ட எண்களை முன்கூட்டியே காட்டிவிட்டு, கோப்பை ஆடிட்டருக்கு நேராக அனுப்பினால் அவர் எக்செல்லைத் திறக்கவே மாட்டார்.

பேட்டி எடுக்கும்போது நடந்து முடிந்ததை மட்டும் கேளுங்கள். ‘இப்படி ஒண்ணு வந்தா பயன்படுத்துவீங்களா?’ என்று கேட்டால் நம்மூரில் மரியாதைக்காகவே ‘கண்டிப்பா சார்’ என்பார்கள். அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. இப்போது அந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார்கள், அதற்கு எவ்வளவு நேரம் அல்லது பணம் போகிறது என்பதுதான் சான்று. ஏற்கெனவே அதற்காகத் தனி நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாலோ, பையன் ஒருவனை மாலையில் உட்கார வைத்திருந்தாலோ, பிரச்சினை உண்மையானது.

ஒரே மாதிரியான வாடிக்கையாளர்களில் 5, 6 பேரிடம் பேசினால் திரும்பத் திரும்ப ஒரே விஷயங்கள் வரத் தொடங்கும். மொத்த வியாபாரியையும் சில்லறைக் கடைக்காரரையும் ஒரே கூட்டத்தில் சேர்க்காதீர்கள். இரண்டு பேருடைய தலைவலியும் வேறு. விட்டுப் போன வாடிக்கையாளர் இருவரிடமாவது பேசுங்கள். தங்கியிருப்பவர்கள் ஒருபோதும் சொல்லாததை அவர்கள்தான் சொல்வார்கள்.

ரைஸ் மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறோம். ஆனால் எல்லாரும் தனக்குப் பிடித்த ஃபீச்சருக்கு எண்களை ஏற்றிப் போடுகிறார்கள். இந்த முறையே வீணா?
— புராடக்ட் அனலிஸ்ட், சென்னை

முறை வீணில்லை. அதனிடம் தீர்ப்பு கேட்பதுதான் தவறு.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை: இன்டர்காம் என்ற மென்பொருள் நிறுவனத்தில் உருவான கணக்கு இது. எத்தனை பேரைத் தொடும் என்பதை, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன் என்பதாலும், நமக்கு எவ்வளவு நிச்சயம் என்பதாலும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுக்க வேண்டும். பயனுக்கு 3, 2, 1, 0.5, 0.25 என்ற ஐந்து அளவுகள். நிச்சயத்துக்கு 100, 80, 50 சதவீதம்.

இப்போது இரண்டு ஃபீச்சர்களை எடுங்கள். முதலாவது காலாண்டில் 1,200 கடைகளைத் தொடும். பயன் 1, நிச்சயம் 80 சதவீதம், உழைப்பு 3 ஆள்-மாதம். 1,200 × 1 × 0.8 ÷ 3 = 320. இரண்டாவது 300 கடைகளைத்தான் தொடும். பயன் 3, நிச்சயம் 50 சதவீதம், உழைப்பு 1 ஆள்-மாதம். 300 × 3 × 0.5 ÷ 1 = 450. இரண்டாவது ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் அதன் உழைப்பு 2 ஆள்-மாதம் ஆகிவிட்டால் மதிப்பெண் 225க்கு இறங்கி, முதலாவது மேலே வந்துவிடும். மென்பொருள் வேலையில் மதிப்பீடு இரண்டு மடங்காவது அன்றாடம் நடப்பது. ஆகவே மேலே வந்த ஐந்தாறு ஃபீச்சர்களுக்கு உழைப்பை இரட்டித்தும் பயனை ஒரு படி இறக்கியும் மறுபடி போட்டுப் பாருங்கள். எது எப்படிப் போட்டாலும் மேலேயே நிற்கிறதோ அதைத் தைரியமாக எடுக்கலாம். இடம் மாறுகிறவற்றில் எந்த எண் சந்தேகத்துக்குரியது என்று தெரிந்துவிட்டது. அந்த எண்ணைச் சரிபார்ப்பதுதான் அடுத்த இரண்டு நாள் வேலை. 320, 300 என்ற இரண்டு மதிப்பெண்களுக்கு நடுவே வித்தியாசம் இருப்பதாக நினைக்காதீர்கள்.

எண்களை ஏற்றிப் போடுவதற்கு மருந்து: நிச்சயத்துக்கு ஆதாரம் கேளுங்கள். வெளியிட்டுப் பார்த்த சோதனையோ பயன்பாட்டு டேட்டாவோ இருந்தால் 100. வாடிக்கையாளர் பேட்டிகள் இருந்தால் 80. ‘எனக்குத் தோணுது’ என்றால் 50. இதை முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். உழைப்பு எண்ணை டெவலப்பர்கள்தான் போட வேண்டும், ஃபீச்சரைக் கேட்டவர் போடக் கூடாது. இன்னொரு சாதாரணப் பிழையையும் சொல்ல வேண்டும்: ஒருவர் மாதக் கணக்கிலும் மற்றவர் வருடக் கணக்கிலும் ‘எத்தனை பேர்’ என்பதை எழுதிவிடுவார்கள். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் யார் கண்ணிலும் படாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வருமானத்தில் 30 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து. அவர் கேட்டதைச் செய்யாவிட்டால் போய்விடுவேன் என்கிறார். செய்துவிட்டால் அவருக்கான தனி மென்பொருளாகவே ஆகிவிடும்போல் இருக்கிறது.
— நிறுவனர், திருச்சி

உங்கள் பயம் நியாயமானது. முடிவை ‘ஆமாம், இல்லை’ என்று எடுக்காமல், கேட்டதைப் பிரித்துப் பாருங்கள். அதே வேலை உங்களுடைய மற்ற வாடிக்கையாளர்களில் ஐந்து பேருக்காவது பயன்படுமா? பயன்படும் என்றால் அவர்களிடமும் பேசி, எல்லாருக்கும் பொருந்தும் வடிவத்தில் செய்யுங்கள். அவருக்கு மட்டும்தான் என்றால், மைய நிரலை (கோட்) தொடாமல் செட்டிங்காகவோ, ஏ.பி.ஐ. (வேறு மென்பொருள் வந்து இணையும் வழி) மூலமாக அவருடைய ஆட்களே இணைத்துக்கொள்ளும்படியோ முடியுமா? அதுவும் முடியாவிட்டால் விலை சொல்லுங்கள்.

விலையில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது பராமரிப்பை. 40 ஆள்-நாள் வேலை என்றால் வருடா வருடம் அதில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 8 நாள், அதைக் காப்பாற்றவே போகும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டிலும் டெஸ்டர் அதையும் சோதிக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்து, ‘சார், இது உங்களுக்காக மட்டும் செய்யற வேலை. செய்ய இவ்வளவு, வருஷப் பராமரிப்பு இவ்வளவு. சரின்னா ரெண்டு வருஷ ஒப்பந்தத்தோட ஆரம்பிச்சுடலாம்’ என்று சொல்லுங்கள். உண்மையில் தேவையிருப்பவர் பேரம் பேசுவார். ‘அப்போ இப்போதைக்கு வேணாம்’ என்று சொன்னால் அது அவசரமாக இருந்ததே இல்லை.

இப்படிப்பட்ட தனி வேலைகளுக்கு மொத்த உழைப்பில் 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஒரு வரம்பு வையுங்கள். மீதி உழைப்பு அந்த 30 சதவீதத்தை 20க்குக் கொண்டுவரும் வேலைகளுக்குப் போகட்டும். புது வாடிக்கையாளர்களைக் கொண்டுவருவதைத் தள்ளிப்போட்டு இவரையே கவனித்துக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் அவர் 40 சதவீதம் ஆகியிருப்பார்.

இரண்டு நல்ல வேலைகள் இருக்கின்றன. குழுவைப் பிரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாமா?
— டீம் லீட், ஓசூர்

வேண்டாம். கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். முதல் வேலை முடிந்தால் மாதம் ரூ.3 லட்சம் வரும். முழுக் குழுவும் உட்கார்ந்தால் 3 மாதம் ஆகும். இரண்டாவது மாதம் ரூ.2 லட்சம், 1 மாத வேலை. பெரியதை முதலில் எடுத்தால், அது வெளிவரும்வரை 3 மாதம் × ரூ.3 லட்சம், சின்னது 4 மாதம் காத்திருப்பதால் 4 × ரூ.2 லட்சம், ஆக ரூ.17 லட்சம் கைக்கு வராமல் போகிறது. சின்னதை முதலில் எடுத்தால் 1 × 2, 4 × 3; ரூ.14 லட்சம்தான். வரிசையை மாற்றியதிலேயே ரூ.3 லட்சம் மிச்சம். ஆளைப் பிரித்துச் செய்தாலோ சின்ன வேலையும் இழுத்துக்கொண்டு போகும். பெரியது ஒரு நாள்கூட முன்னால் வராது.

தாமதத்தால் மாதத்துக்கு ஆகும் இழப்பை, வேலைக்கு ஆகும் காலத்தால் வகுங்கள். எது பெரிய எண்ணோ அது முதலில். இங்கே 3 ÷ 3 = 1, 2 ÷ 1 = 2. தாமதத்தின் விலை என்ற இந்தச் சிந்தனையை மென்பொருள் உலகில் பரப்பியவர்களில் முக்கியமானவர் நூலாசிரியர் டொனால்ட் ரைனர்ட்சன். ரூபாயில் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தோராயமான எண்ணே வரிசையைக் காட்டிவிடும். கெடுத் தேதி இருக்கும் வேலைக்கு மட்டும் இது பொருந்தாது: பள்ளிக் கட்டண மென்பொருளில் ஜூன் மாதச் சேர்க்கைக்கான ஃபீச்சர் ஜூலையில் வந்தால் அடுத்த வருடம்வரை அதற்கு மதிப்பே இல்லை.

ஏ/பி சோதனை வைத்து முடிவெடுக்கலாம் என்று படித்தோம். எங்களுக்கு மாதம் 800 பயனர்கள்தான். செய்யலாமா?
— வாசகி, புதுச்சேரி

800 பேரை வைத்து முடியாது. ஏ/பி சோதனை என்றால் பயனர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பழையதையும் (ஏ) மற்றதற்குப் புதியதையும் (பி) காட்டி ஒப்பிடுவது. ஒரு பக்கத்தில் 5 சதவீதம் பேர் பதிவு செய்கிறார்கள், அதை 6 ஆக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான தோராயச் சூத்திரம்: 16 × 0.05 × 0.95 ÷ (0.01 × 0.01). இதில் 0.05 பதிவு செய்பவர்கள், 0.95 செய்யாதவர்கள், 0.01 நாம் கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசம். ஒரு பிரிவுக்கு 7,600 பேர், இரண்டுக்கும் 15,200. உங்கள் வேகத்தில் ஒன்றரை வருடத்துக்கும் மேல். நடுவில் எட்டிப் பார்த்து ‘பி ஜெயிக்குது’ என்று நிறுத்திவிடுவது இன்னும் மோசம். வெறும் தற்செயலை வெற்றி என்று எடுத்துக்கொள்வீர்கள்.

உங்களுக்கு ஏற்ற சோதனைகள் வேறு. ஃபீச்சரைச் செய்யாமல் பட்டனை மட்டும் வைத்து, அழுத்தியவர்களிடம் ‘இது தயாராகிக்கொண்டிருக்கிறது, வந்ததும் சொல்லவா?’ என்று கேட்டு போன் எண்ணை வாங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், பணம் கட்டும் பக்கத்தில் வைக்கவே கூடாது, நம்பிக்கை போய்விடும். அதைவிடச் சிறந்தது கையால் செய்து கொடுப்பது. வாடிக்கையாளர் 10 பேருக்கு அந்த அறிக்கையை ஒரு மாதம் நீங்களே தயாரித்து அனுப்புங்கள். இரண்டாவது வாரம் அனுப்பாமல் விட்டால் எத்தனை பேர் ‘எங்கே காணோம்?’ என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். 10க்கு 6, 7 பேர் கேட்டால் கோட் எழுதத் தொடங்கலாம். ஒருவரும் கேட்காவிட்டால் இரண்டு மாத உழைப்பு மிச்சம்.

பெரிய நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே தெரிவதில்லை. மைக்ரோசாஃப்டில் சோதிக்கப்பட்ட யோசனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் நினைத்த பலனைத் தந்தது என்று அங்கே சோதனைக் குழுவை நடத்திய ரான் கோஹாவி எழுதியிருக்கிறார். பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் விதத்தை மாற்றும் யோசனை ஒன்று, முக்கியமில்லை என்று ஆறு மாதத்துக்கும் மேலாகக் கிடப்பில் கிடந்தது. செய்வது சுலபம் என்று பார்த்த ஓர் இன்ஜினியர் 2012இல் அதைச் சோதனைக்கு விட்டார். வருமானம் 12 சதவீதம் ஏறியது. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல். இரண்டு நாளில் சோதிக்கக்கூடிய யோசனையை விவாதிக்க இரண்டு மீட்டிங் போடாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

போட்டிக் கம்பெனி ஏ.ஐ. சாட்பாட் சேர்த்துவிட்டது. நாமும் உடனே சேர்க்க வேண்டும் என்று மேலிடம் நெருக்குகிறது.
— புராடக்ட் மேனேஜர், சென்னை

கைவிட்டுப் போன கடைசி 20 விற்பனைகளை எடுங்கள். சேல்ஸ் ஆட்களைக் கேட்காமல் வாங்காதவர்களையே போனில் கேளுங்கள். எத்தனை பேர் அதைக் காரணமாகச் சொல்கிறார்கள்? ஒருவர், இருவர் என்றால் அந்த எண்ணோடு மேலிடத்திடம் போங்கள். ஏழெட்டுப் பேர் என்றால் மேலிடம் சொல்வது சரி.

அடிப்படை வசதிகளைச் சரிசெய்வதா, வாடிக்கையாளரை அசத்தும் புது வசதியா?
— மாணவர், கோயம்புத்தூர்

ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984இல் வெளியிட்ட மாதிரி இதற்கே உரியது. ஒரே வசதியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும். இருந்தால் ‘அது இருக்கத்தானே வேணும்’, இல்லாவிட்டால் ‘ரொம்பக் கஷ்டம்’ என்று பதில் வந்தால் அது அடிப்படை. பில் பிரின்ட் ஆவதை யாரும் பாராட்ட மாட்டார்கள், ஆகாவிட்டால் அன்றே போய்விடுவார்கள். அடிப்படையில் ஓட்டை இருக்கும்வரை அசத்தும் வசதிக்கு ஆள் ஒதுக்காதீர்கள். ஆனால் அடிப்படையைத் தேவைக்கு மேல் மெருகேற்றுவதாலும் மதிப்பு கூடாது.

மொத்த நிரலையும் திருப்பி எழுத 6 மாதம் வேண்டும் என்கிறார்கள் டெவலப்பர்கள். இதை ஃபீச்சர்களோடு எப்படி ஒப்பிடுவது?
— நிறுவனர், சென்னை

அவர்கள் வலி உண்மையானது, ஆனால் ஆறு மாதம் எதுவும் வெளிவராது என்ற திட்டத்துக்குச் சம்மதிக்காதீர்கள். கடந்த மூன்று மாத வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பழைய நிரலால் வீணான நாள்களை எந்தப் பகுதி என்ற பெயரோடு குறிக்கச் சொல்லுங்கள். வழக்கமாக ஒன்றிரண்டு பகுதிகள்தான் பெரும்பங்கைத் தின்றிருக்கும். மாதம் 12 ஆள்-நாளை விழுங்கும் ஒரு பகுதியைச் சரிசெய்ய 30 ஆள்-நாள் என்றால் இரண்டரை மாதத்தில் முதல் திரும்பிவிடும். இதை எந்த ஃபீச்சரோடும் நேருக்கு நேர் நிறுத்தலாம். யாரும் தொடாத பகுதி எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும்.

வெளியிட்ட பிறகு சரியான முடிவுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரும் தொடாத ஃபீச்சர்களை என்ன செய்வது?
— புராடக்ட் மேனேஜர், சேலம்

வேலை தொடங்கும் அன்றே அரைப் பக்கம் எழுதி வையுங்கள். எந்தப் பிரச்சினை, எந்த எண் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எந்தத் தேதியில் பார்ப்போம், அதற்குப் பதிலாக எதை விட்டோம். வெளியிட்ட பிறகு எழுதினால் கிடைத்த எண்ணையே இலக்கு என்று மனசு மாற்றிக்கொள்ளும். முதல் வாரப் பயன்பாட்டை நம்பாதீர்கள், எல்லாரும் புதுசு என்று அழுத்திப் பார்ப்பார்கள். எட்டாவது வாரத்தில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்பதே கணக்கு. தினசரி வேலைக்கான ஃபீச்சரா, மாதம் ஒருமுறை வேலைக்கானதா என்று பிரித்துப் பாருங்கள், ஜி.எஸ்.டி. அறிக்கையை வாரத்துக்கு ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

தொடப்படாத ஃபீச்சரை எடுக்கும் முன் பயன்படுத்தும் சொற்பப் பேர் யார் என்று பாருங்கள். அதிகம் கட்டும் வாடிக்கையாளர் அதில் இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை மார்ச் முடிவில் மட்டும் தேவைப்படுவதாகவும் இருக்கலாம். அப்படி இல்லையென்றால் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் மறைத்துவிடுங்கள். பழையவர்களுக்கு மெனுவில் உள்ளே தள்ளி, 60 நாள் முன்னறிவிப்பும் டேட்டாவை இறக்கிக்கொள்ள ஒரு வழியும் கொடுங்கள். 60 நாளில் எதிர்ப்பு வராவிட்டால் நிரலையும் அதற்கான டெஸ்ட்களையும் சேர்த்தே நீக்குங்கள். திரையிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு நிரலை விட்டுவைத்தால், ஒவ்வொரு வெளியீட்டிலும் டெஸ்டர் யாரும் பார்க்காத ஒன்றைச் சோதித்துக்கொண்டே இருப்பார்.